கையில் மஞ்சள் இல்லாதவர்கள்

ஓடுகிறேன். மணல் காலை இழுக்கிறது. செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. சவுக்குத் தோப்புக்கு மேலே கறுப்புப் புகை. ஃபைபர் படகு எரிகிற நாற்றம், மூக்கைப் பொத்தினாலும் விடவில்லை. கோயில் மணி நிற்காமல் அடிக்கிறது. விட்டுவிட்டு அடித்தால் பூசை. விடாமல் அடித்தால் சண்டை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

"வர்றானுங்க! வாய்க்கால்ல எறங்கிட்டானுங்க!"

யாரோ கத்துகிறார்கள். கல் விழுகிறது. பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி உடைகிறது. டமார். அடுத்த கல் என் தோளை உரசிக்கொண்டு போகிறது. நான் நிற்கவில்லை. கையில் செல்போன். அதற்குள்ளிருந்து இன்னும் கலாவின் குரல் கேட்கிறது. "அண்ணி, உள்ளாற ஓடிடுங்க அண்ணி. சொன்னா கேளுங்க."

கலா என் தம்பி சேகரின் பெண்டாட்டி. நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சண்டை நடக்கிற பக்கமே ஓடுகிறேன். அங்கே என் வீட்டுக்காரர் நிற்கிறார். அவருடைய வலது கையில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. நான்தான் கட்டிவிட்டேன். ஆட்கள் மோதுவதற்குள் அதை அவிழ்க்கச் சொல்லியாக வேண்டும்.

2009, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது.

என் பெயர் தனம். மீன்காரி. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். இருக்கட்டும். வாய் இருந்தும் நம்ப ஆள் இல்லாமல் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே, கடலோரத்தில் இரண்டு ஊர். இடையில் ஒரு வாய்க்கால் கடலில் போய் விழுகிறது. வடகரையில் இருப்பது வடக்கூர். தென்கரையில் இருப்பது தெக்கூர். நிஜப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு கூட்டம் தடியை எடுத்துக்கொண்டு வரும். நான் பிறந்தது தெக்கூர். வாழ்க்கைப்பட்டது வடக்கூர். இங்கே அது அதிசயம் இல்லை. காலம்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அந்தக் கரையில் இருக்கிறவன் இந்தக் கரையில் இருக்கிறவனுக்கு மாமன். இல்லாவிட்டால் மச்சான். ஒரே சாதி, ஒரே பேச்சு, ஒரே கைலி. வெளியூர் ஆள் வந்தால் யார் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்களுக்கே முடியாது. அதனால்தான் அந்தத் துணி தேவைப்பட்டது.

2004 டிசம்பரில் அலை வந்தபோது யாரும் ஊர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வேலு, முள்ளுப் புதரில் சிக்கிக் கிடந்த என் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு ஊர்ப் பிணத்தையும் ஒரே குழியில் போட்டார்கள். எந்தப் பக்கம் வடக்கு, எந்தப் பக்கம் தெற்கு என்று அங்கே யார் கோடு போட்டார்கள்? வாய்க்கால் முகத்தில் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்த அம்மன் கோயிலையும் அலை கொண்டுபோயிற்று. முதல் நாள் திருவிழா வடக்கூருக்கு, மறுநாள் தெக்கூருக்கு என்று நடத்திய கோயில். அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு கோயில் கட்டினார்கள். ஆத்தா எங்களோடு வந்துவிட்டாள் என்று இவர்கள் சொன்னார்கள். எங்களோடுதான் வந்தாள் என்று அவர்கள் சொன்னார்கள்.

அலைக்குப் பிறகு நிவாரணமாகப் படகு வந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி நீலப் படகு. வடக்கூரில் இரண்டு வீட்டுக்கு ஒரு படகு. எங்களுக்குக் கூட்டாளி பழனி. என் வீட்டுக்காரரும் அவனும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். பழனி என்னைத் தங்கச்சி என்பான். நான் அண்ணா என்பேன். அவனை மறந்துவிடாதீர்கள்.

சண்டைக்குக் காரணம் வலை. தெக்கூர்க்காரர்கள் பணம் சேர்த்துச் சுருக்குவலை வாங்கினார்கள். மீன் கூட்டத்தையே வளைத்து, அடியில் கயிற்றைச் சுருக்கி, குஞ்சோடும் முட்டையோடும் அள்ளுகிற வலை. எங்கள் சின்ன வலைக்குச் சருகுதான் மிஞ்சியது. பஞ்சாயத்து பேசினார்கள். கலைந்தது. இன்னொரு தரம் பேசினார்கள். அதுவும் கலைந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம்தான் ஈழத்தில் கடைசிச் சண்டை. இரண்டு ஊரும் சேர்ந்து பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தோம். படகுக்குப் படகு கறுப்புக்கொடி. என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "அங்க சாவுறது நம்ம ஜனம்டி" என்றார். பந்தலில் அவருக்குப் பக்கத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் பழனி. மூன்று பேரும் ஒரே கறுப்புத் துணியைக் கிழித்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அந்தப் பந்தல் மூங்கிலைப் பிரித்துத்தான் பிறகு தடி செய்தார்கள். நான் பார்த்தேன். அதே மூங்கில்.

ஆனி மாதம் நடுக்கடலில் முதல் ரத்தம்.

எங்கள் படகுகள் ஒரு தெக்கூர்ப் படகை வளைத்தன. என் வீட்டுக்காரர் வந்து சொன்னதைச் சொல்கிறேன். பழனி வெட்டுக்கத்தியை எடுத்துச் சுருக்குக் கயிற்றை அறுக்கப் போனான். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது என் தம்பி. "மச்சான், கைய எடுறா! கைய எடு!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். சேகர் எடுக்கவில்லை. வலை போனால் அவன் வீடே போய்விடும். கத்தி கயிற்றோடு சேர்த்து விரலையும் கொண்டுபோயிற்று. வலது கை, இரண்டு விரல். படகுக்குள் விழுந்த ஒரு விரலை என் வீட்டுக்காரர் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்து அனுப்பினார். அது ஒட்டவில்லை. அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். அப்படியே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர்கள் எங்கள் படகு ஒன்றைக் கொளுத்தினார்கள். இவர்கள் அவர்கள் வலைக் கொட்டகையைக் கொளுத்தினார்கள். பால் கொண்டுவந்த பையனை அடித்தார்கள். பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணின் கூடையைப் பிடுங்கி மீனை ரோட்டில் கொட்டி மிதித்தார்கள். பழைய மீன் வியாபாரி, என் சித்தப்பா நடேசன், இரண்டு கரைக்கும் நடந்து நடந்து சமாதானம் பேசினார். அவரை இரண்டு பக்கமும் திட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கு முதல் நாள், வியாழக்கிழமை சாயங்காலம் வடக்கூரில் ஊர்க்கூட்டம். வீட்டுக்கு ஓர் ஆண் வர வேண்டும். வராத வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, தீ இல்லை. அப்புறம் தலைவர் சொன்னார்.

"தெக்கூர்ல பொறந்த பொம்பளைங்க எல்லாம் முன்னால வாங்க."

பதினைந்து வருஷமாக நான் அந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறேன். அந்த ஊர் மண்ணில் என் மாமனாருக்குக் கொள்ளிப் பானை தூக்கிவிட்டேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் இன்னும் தெக்கூர் என்று. என்னைப் போல ஏழெட்டுப் பேர். வரிசையாக நிறுத்தி உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார்கள். இங்கே நடப்பதை அங்கே சொல்ல மாட்டோம் என்று சத்தியம் வாங்கினார்கள். கை வெந்தது. எனக்குக் கை எரிந்ததைவிட வயிறுதான் எரிந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதையும் எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள்.

பிறகு ஒருவன் கேட்டான். "அடிதடியில யாரு நம்மாளு, யாரு அவனாளுன்னு எப்பிடித் தெரியும்? மூஞ்சி ஒண்ணு, கைலி ஒண்ணு, படகும் ஒண்ணு."

பழனி சொன்னான். "ஆத்தா நெறம் இருக்கே. மஞ்சத் துணிய வலது கையில கட்டிக்குவோம். ஆத்தா நம்மகிட்டதான இருக்கா."

எல்லாரும் கை தட்டினார்கள். ஆடி மாதம். வீட்டுக்கு வீடு வேண்டுதலுக்கு எடுத்த மஞ்சள் புடவை இருந்தது. என்னுடையதை நான் கிழித்தேன். சர்ர்ர். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. "இறுக்கிக் கட்டு. அவுந்தா நம்ம பசங்களே போட்டுருவானுங்க" என்றார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னார். இறுக்கித்தான் கட்டினேன்.

வெள்ளி விடிந்தது. இரண்டு ஊர்க் கோயில் ஒலிபெருக்கியிலும் ஒரே அம்மன் பாட்டு. அங்கே ஒரு அடி முந்தி, இங்கே ஒரு அடி பிந்தி. ஆண்கள் வாய்க்கால் கரைக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் கலாவின் போன்.

"அண்ணி, எங்க ஆளுங்க கெளம்பிட்டாங்க. உங்க தம்பியும் போறாரு. எங்க ஆளுங்க கையில மஞ்சத் துணி கட்டியிருப்பாங்க. மஞ்சளப் பாத்தா கதவச் சாத்திக்கினு உள்ளாறயே இருங்க அண்ணி."

"இன்னாடி சொன்ன? மஞ்சளா?"

"ஆமா அண்ணி. ஆத்தா நெறம். எனக்கும் சத்தியம் வாங்கியிருக்காங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

இரண்டு கூட்டமும் மஞ்சள். ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாத புகை. கண்ட மேனிக்கு வெட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் ஓடினேன்.

ஓடுகிறேன். கரை தெரிகிறது. எங்கள் ஆட்கள் கும்பலாக நிற்கிறார்கள். துடுப்பு, மூங்கில், வெட்டுக்கத்தி, பெட்ரோல் பாட்டில். எதிரே தண்ணீரில் முட்டிவரை இறங்கி அவர்கள் வருகிறார்கள். ஒரு பாட்டில் பறக்கிறது. புஸ். தண்ணீர் மேலேயே தீ பிடிக்கிறது. ஒருத்தன் கைலி பற்றி எரிய அலறிக்கொண்டு தண்ணீரில் விழுகிறான். கல் மழை. எனக்கு முன்னால் ஒருத்தன் நெற்றி பிளந்து உட்காருகிறான். ரத்தம் அவன் கண்ணை மூடுகிறது. அவன் கை மணலைத் துழாவுகிறது.

நான் கத்துகிறேன். தொண்டை கிழிய.

"துணிய அவுத்துடுங்க! அவுங்களும் மஞ்சதான்! அவுத்துப் போடுங்க!"

திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு நொடி. பிறகு ஒரு குரல்.

"தெக்கூர்க்காரிடா! அவ பேச்ச நம்பாதீங்க! எவனும் அவுக்காதீங்க!"

"உள்ள போடி! வேவு பாக்க வந்தியா?"

எவனோ என்னைக் காலால் உதைத்தான். விழுந்தேன். வாயெல்லாம் மணல். துப்பிவிட்டு மறுபடியும் அதையே கத்தினேன். கற்பூரம் ஏற்றிய கையைத் தூக்கிக் காட்டினேன். யார் பார்த்தார்கள்? ஒரே ஒரு ஆள்தான் பார்த்தார்.

"டேய், எம் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டாடா!"

என் வீட்டுக்காரர். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். நான் இறுக்கிக் கட்டிய முடிச்சு. அவிழவில்லை. மறுபடி கடித்தார். அவிழ்ந்தது. துணியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "அவுருங்கடா! அவுருங்க!" அதற்குள் இரண்டாவது பாட்டில் வந்து கரையில் நின்ற படகில் விழுந்தது. அதில் இருந்த வலை பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை மொத்தமாக இறங்கியது. அவர் மறைந்துபோனார்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கோர்ட்டில் ஒருவரும் கவனமாகக் கேட்கவில்லை.

புகைக்குள் இரண்டு கூட்டமும் கலந்துவிட்டது. நான் நினைத்தபடி வெட்டிக்கொள்ளவில்லை. துடுப்பை ஓங்கினவன் எதிரில் மஞ்சளைப் பார்த்தான். ஓங்கின கை நின்றது. "டேய், நீ யாரு?" "நீ யாருடா?" "எந்த ஊருடா நீ?" அங்கேயும் இங்கேயும் அதே கேள்வி. இருமல். மறுபடி அதே கேள்வி. கத்தி வைத்திருந்தவன் கத்தியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். என் கண்ணால் பார்த்தேன். தெக்கூர்க்காரன் ஒருத்தனும் வடக்கூர்க்காரன் ஒருத்தனும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றார்கள், ஒரே ஊர் என்று நினைத்துக்கொண்டு. யாரை அடிப்பது என்று தெரியாவிட்டால் சண்டை எங்கே இருந்து வரும்? தானாக அணைந்துகொண்டிருந்தது.

மஞ்சள் இல்லாத கைதான் அங்கே எதிரி.

பழனி துடுப்போடு வந்தான். கண் சிவந்திருந்தது. கண்ணீர் ஒழுகியது. அவனுக்கு முன்னால் ஒரு முதுகு. வெறும் கை. அவன் கையை மட்டும்தான் பார்த்தான். ஓங்கினான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. காய்ந்த தேங்காயைக் கல்லில் அடித்த மாதிரி. என் வீட்டுக்காரர் முழங்கால் மடிந்து விழுந்தார். பழனி இரண்டாவது தரம் ஓங்கினான். விழுந்தவர் முகத்தைத் திருப்பினார். துடுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அவனால் நிறுத்த முடியவில்லை.

"ஐயோ மச்சான்! ஐயோ!"

பழனி போட்ட கூச்சலில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் அந்தக் கரையில் இன்னொரு கூச்சல். என் சித்தப்பா நடேசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வேணாம்பா, நம்ம புள்ளைங்கப்பா" என்று தண்ணீரில் இறங்கியிருக்கிறார். காலையில் அவருக்கும் துணி கட்ட வந்தார்களாம். "எனக்கு எந்த ஊரும் வேணாம்" என்று தள்ளிவிட்டாராம். வெறும் கை. பின்னால் வந்த தெக்கூர்க் கூட்டம் தாண்டிப் போன பிறகு பார்த்தால் வயிற்றில் வெட்டு. குடல் தண்ணீரில் மிதந்தது என்று கலா சொன்னாள். வெட்டினவன் யார் என்று தெக்கூருக்குத் தெரியும். இன்றுவரை ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

ஐஸ் ஏற்றுகிற டெம்போவில் என் வீட்டுக்காரரைப் போட்டு கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில். சூடாக நனைந்துகொண்டே இருந்தது. பழனி அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே வந்தான். கடலூருக்குள் நுழையும்போது என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். "பழனி எங்க?" என்றார். "இங்கதான்" என்றேன். "அவன் மேல கோச்சிக்காத" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. வண்டி நின்றபோது காலைப் பிடித்திருந்த கையைப் பழனி எடுக்க மாட்டேன் என்றான். பிரித்து எடுத்தார்கள்.

கோபப்படாதே என்றார். பொய் சொல்லு என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே கதை மாறிவிட்டது. விரல் போன ஆத்திரத்தில் தெக்கூர் சேகர்தான் வேலுவைக் கொன்றான் என்று வடக்கூர் சொன்னது. நடேசனை வடக்கூர்தான் வெட்டியது என்று தெக்கூர் சொன்னது. என் தம்பியைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். தலைவர் பழனியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சேகர்தான் அடிச்சான்னு சொல்லும்மா. ஊரு உன்னப் பாத்துக்கும்."

"நான் பாத்தத பாத்தேன். பழனிதான் அடிச்சான். தெரியாம அடிச்சான். அவனக் கேளுங்க, சொல்லுவான்" என்றேன்.

பழனி தலையைத் தூக்கவில்லை. சொல்லவும் இல்லை.

போலீசிடம் சொன்னேன். தம்பியைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்றார்கள். அவ்வளவுதான். தெக்கூரில் பிறந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? என் புருஷன் பிணத்தின் மேல் விழுந்து அழுகிறேன். அப்போதும் நான் தெக்கூர்தான். அடுத்த வாரம் கரையில் மீன் ஏலத்துக்குப் போனேன். நான் கேட்ட விலையை யாரும் காதில் வாங்கவில்லை. குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். பிறந்த வீட்டுக்குப் போனேன். "வடக்கூர் மருமவ இங்க இன்னாத்துக்கு?" என்றார்கள். கலா எனக்குப் போன் பண்ணியது எப்படியோ தெரிந்துபோய், அவளையும் ஊரைவிட்டு வெளியே அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு பேரும் சிதம்பரம் வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை. அவள் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவினாள். நான் விடியற்காலையில் பரங்கிப்பேட்டை போய் மீன் எடுத்தேன். அங்கே மீன் கொடுக்கிற பாய் ஒருவர். முதல் நாள் "நான் இந்த ஊரு இல்ல, அந்த ஊரும் இல்ல" என்று அவரிடம் என்னவோ உளறினேன். அவர் சிரித்தார். "ஊரு கேக்கலம்மா. எத்தன கூடைன்னுதான் கேட்டேன்." ரோடு என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. இரண்டு ஊர்க் கூரையும் போனது. இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். ஒரே அண்டாச் சோறு. திருந்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் வடிந்ததும் அவனவன் கரைக்குப் போய்விட்டான்.

2012இல் கேஸ் முடிவுக்கு வந்தது. கூண்டில் என்னை ஏற்றினார்கள். இரண்டு மஞ்சள் துணியைக் காட்டினார் வக்கீல். ஒன்று வடக்கூரில் எடுத்தது. ஒன்று தெக்கூரில் எடுத்தது. இதில் எது எந்த ஊர் என்று கேட்டார்.

"ஐயா, அது மஞ்சத் துணிங்க. அதுக்கு ஏதுங்க ஊரு?" என்றேன்.

கோர்ட்டில் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பழனியும் கூண்டில் ஏறினான். இளைத்துப்போயிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. "சேகர்தாங்க" என்றான். வலது கையில் இரண்டு விரல் இல்லாதவன் துடுப்பை எப்படிச் சுழற்றுவான் என்று என் தம்பியின் வக்கீல் கேட்டார். பழனி தன் கையையே குனிந்து பார்த்தான். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எல்லாரையும் விட்டுவிட்டார்கள். அப்படியானால் என் வீட்டுக்காரரைக் கொன்றது யாரும் இல்லை.

ஆனால் பேனர் இருந்தது.

ஒவ்வொரு ஆடியிலும் வடக்கூர் முனையில் பேனர் கட்டுவார்கள். என் கல்யாணப் போட்டோவில் என்னை வெட்டி எடுத்துவிட்டு அவரை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கீழே சிவப்பு எழுத்து: தெக்கூர் வெறியர்களால் படுகொலை செய்யப்பட்ட மாவீரன் வேலு. அதற்குக் கீழே சின்னப் பையன்கள் முகம் வரிசையாக. பழிக்குப் பழி என்று ஒரு வரி. நாலாவது ஐந்தாவது படிக்கிற வயதில் அலைக்குத் தப்பின பையன்கள் அவர்கள். அவர் சாவைக் காட்டி அடுத்த சண்டைக்கு ஆள் சேர்க்கிறார்கள். டிவியைப் பார்த்து அழுத மனுஷன். விரலை ஐஸில் வைத்துக் கொடுத்த மனுஷன். அவரையா?

தீர்ப்பு வந்த அந்த ஆடியில் முதல் பஸ் பிடித்துப் போனேன். இடுப்பில் மீன் வெட்டுகிற கத்தி. முனையில் பேனர் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். சிவப்பு எழுத்து இருந்த வரியில் கத்தியை வைத்தேன்.

"ஏய், எவடி அவ! எறங்குடி!"

பையன்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தன் கையில் கட்டை. என் முழங்காலில் ஒரு அடி விழுந்தது. நான் இறங்கவில்லை. பேனர் ஆடிக்கொண்டே இருந்ததால் கத்தி வழுக்கியது.

"உடுங்கடா. அறுக்கட்டும்."

பழனி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. பேனர் கட்டியிருந்த மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். ஆட்டம் நின்றது. "சொல்லுண்ணா. இந்தப் பசங்களுக்குச் சொல்லு" என்றேன். அவன் மூங்கிலில் நெற்றியை வைத்துக்கொண்டான். நான் அறுத்து முடிக்கும்வரை மூங்கிலை விடவில்லை. அடித்த பையன் பழனியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கட்டையைக் கீழே போட்டான்.

வரியை மட்டும் அறுத்தேன். படத்தை விட்டுவிட்டேன். அந்தத் துண்டு இப்போது என் மீன் கூடைக்கு மூடி. வெயில் தாங்குகிறது.

போனதைச் சொல்லிவிடுகிறேன்.

வடக்கூரில் செத்தது வேலு. தெக்கூரில் செத்தது நடேசன். கைலி பற்றி எரிந்தவன் பிழைத்தான், முதுகுத் தோல் பிழைக்கவில்லை. நெற்றி பிளந்தவனுக்கு ஒரு கண் போயிற்று. என் தம்பிக்கு இரண்டு விரலும் மூன்று வருஷமும் போயின. கலாவுக்கு ஊர் போயிற்று. பழனிக்குப் பேச்சு போயிற்று. எரிந்த நீலப் படகுகளில் எது யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்குப் புருஷன் போனார். பிறந்த ஊர் போயிற்று. வாழ்க்கைப்பட்ட ஊர் போயிற்று. ஒரு மஞ்சள் புடவை போயிற்று.

கையில் மஞ்சள் கட்டியிருந்த அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரரைத் தெக்கூர் கொல்லவில்லை. என் சித்தப்பாவை வடக்கூர் கொல்லவில்லை. அந்த மணி மறுபடியும் விடாமல் அடிக்கிற நாளில் இதை யாராவது போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.